வாளி கொண்டுவந்தால் வேலை

எங்கள் பங்குச் சேமக்காலையின் வாசலில் இரண்டு வாசகங்கள் இருக்கின்றன. மேலே வளைவில், ‘உயிர்த்தெழும் நம்பிக்கையோடு இங்கே துயில்கின்றனர்’ என்று எழுதியிருக்கிறது. கீழே இரும்புப் பலகையில், ‘சபையின் அனுமதியின்றி இங்குள்ள எதையும் திறக்கவோ, அசைக்கவோ, வெளியே கொண்டுசெல்லவோ கூடாது’ என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிக்கலை இதுவரை இறந்தவர்கள் எவரும் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை.

சபை என்பது சேமக்காலைப் பராமரிப்புச் சபை. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், சில உறுப்பினர்கள், ஒரு காவலாளி. பராமரிப்பைக் காவலாளி செய்கிறார். மற்றவர்கள் சபையாக இருக்கிறார்கள்.

யாகோப்பு கடற்றொழிலாளி. அவருடைய மகன் றஜிந்தன் ஒரு சோளகக் காற்றில் நீல நிறப் படகில் கடலுக்குப் போனான். படகு மறுநாளும், அவன் அதற்கு மறுநாளும் கரைக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புக் காணியில், மதிலோரமாக அவனை அடக்கம் செய்தார்கள். சீமெந்து பூசிய அந்த மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் தாய் ஸ்ரெல்லாவுக்கு ஆத்திரம் வந்தது. “உந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளை கிடக்கிறவன் என்ரை பிள்ளை இல்லை” என்றாள். படகின் நீலத்தில் மாபிள் பதிக்கவேண்டும், தலைமாட்டில் அவன் முகம் இருக்கவேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் பதிக்கிற ஓடு எதுவானாலும் மாபிள்தான்.

நீலம் கிடைத்தது. முகம்தான் கிடைக்கவில்லை. றஜிந்தன் ஊரில் எல்லோரையும் படம் எடுத்தவன். ஆகவே எந்தப் படத்திலும் அவன் இல்லை. அவனுடைய கைபேசி அவனோடு கடலுக்குப் போயிருந்தது. கடைசியில் ஒரு நண்பனின் கலியாண அல்பத்தில், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பவனாக அவன் அகப்பட்டான். மழைத்தண்ணீர் பட்ட அல்பம். படத்தைப் பிரித்தபோது அது தாளிலிருந்து தோலாகக் கழன்று வந்தது. ரவுண் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் அதைக் கணினியில் ஒட்டவைத்து, வெள்ளை மாபிள் ஒன்றில் முகத்தையும் கீழே பெயரையும் அச்சடித்துக் கொடுத்தார். அச்சடித்து முடிய அந்தப் பழைய படம் அவருடைய மேசையிலேயே உதிர்ந்துபோயிற்று.

அந்த மாபிள் சில நாள் வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த நாட்களில் ஸ்ரெல்லா சமைக்கவில்லை. “கொண்டுபோய்ப் பதியுங்கோ. இஞ்சை வைச்சிருந்தா நான் உதோடை கதைச்சுக்கொண்டே இருந்திடுவன்” என்று அவளே தூக்கிக் கொடுத்தாள்.

சுன்னாகத்துப் பிரகாஸ்தான் பதித்தான். ஒக்ரோபர் மாதத்தின் பிற்பகுதி. மாபிள் இடுக்குகளுக்கு வெள்ளைச் சாந்து பூசி முடித்தபோது பின்னேரமாகிவிட்டது. கல்லறை முழுவதும், முகத்தின் மேலும், பால் சிந்திக் காய்ந்ததைப் போல ஒரு படலம் கிடந்தது.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. சாந்து பூசினா மேலாலை உந்த வெள்ளைப் படை நிக்கும். இப்ப துடைச்சா இடுக்குக்குள்ளை உள்ளதும் சேந்து வந்திடும். நாளைக்குக் காலமை காஞ்ச துணியாலை ஒருக்காத் துடையுங்கோ. பேந்து தண்ணியிலை கொஞ்சம் வினாகிரி விட்டு ஒருக்கா. அவ்வளவுதான்.”

“நீ வரமாட்டியே?”

“நான் விடியச் சாவகச்சேரிக்குப் போகோணும். கலியாண மண்டபம் ஒண்டு. உது குழந்தைப்பிள்ளை வேலை அண்ணை. ஆனா நாள்போக விட்டிடாதேங்கோ. விட்டா கல்லாப் பிடிச்சிடும், பிறகு அசிற்தான் போடோணும். நீல மாபிளுக்கு அசிற்றாலை ஒண்டும் நடவாது. உந்தப் படம் மேலாலை அச்சடிச்சது. அசிற் பட்டா வெள்ளைப் படையும் போகும், தம்பியும் போயிடுவான்.”

மறுநாள் காலை யாகோப்பு ஒரு வாளி, பழைய சாரத்தில் கிழித்த துணி, ஒரு போத்தல் வினாகிரி ஆகியவற்றோடு சேமக்காலைக்குப் போனார். வாசலில் காவலாளி செபமாலை நின்றார். இருவரும் ஒன்றாகக் களங்கட்டி மீன் பிடித்தவர்கள். ஆனால் செபமாலைக்கு இப்போது சீருடை இருந்தது.

“யாகோப்பண்ணை, நில்லுங்கோ. இண்டையிலையிருந்து வேலை நிப்பாட்டு. ஆத்துமாக்கள் திருநாள் முடியுமட்டும் ஒரு வேலையும் செய்யேலாது.”

“வேலை இல்லையடாப்பா. துடைக்கப்போறன்.”

“கையிலை என்ன?”

“வாளி.”

“வாளி கொண்டுவந்தா வேலை. பூ கொண்டுவந்தா பக்தி. எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்திருக்கினம்.”

“வாளிக்குள்ளை பூவை வைச்சுக் கொண்டுவந்தா?”

செபமாலை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அது அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கவில்லை. “மாஸ்ரரைக் கேளுங்கோ” என்றார்.

மாஸ்ரர் என்பவர் சபைத் தலைவர் ஜெறோம். ஓய்வுபெற்ற உப அதிபர். பாடசாலையை விட்டு அவர் வந்த நாளிலிருந்து ஊரில் அவருக்குக் கீழ்ப்படியக்கூடியவர்கள் குறைந்துபோனார்கள். சேமக்காலையில் அந்தக் குறை இல்லை.

“இரும் யாகோப்பு” என்றார். “நீர் ஒரு தகப்பன். உம்முடைய மனம் எனக்கு விளங்குது. ஆனா சட்டத்துக்குத் தகப்பன் இல்லை. ஏன் வேலையை நிப்பாட்டினனாங்கள் எண்டு தெரியுமே?”

“தெரியாது மாஸ்ரர்.”

“ட்ரோன்.”

நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் திருநாளன்று, எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும். பங்குக் குருவான சுவாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். அண்மைக் காலமாக இதை மேலேயிருந்து பறக்கும் கமரா படம் பிடிக்கிறது. பாரிஸ், ரொறன்ரோ, லண்டன் எல்லாம் நேரலையில் பார்க்கின்றன. முதல் வருடம் முதலாம் வகுப்புக் கல்லறைகளுக்கு நடுவே ஒரு தள்ளுவண்டியும் ஒரு நாயும் தெரிந்துவிட்டன. நாய் படுத்திருந்த கல்லறைக்குரியவர்கள் ரொறன்ரோவிலிருந்து எழுதினார்கள். அன்றிலிருந்து சபை எதையும் மேலேயிருந்து பார்க்கப் பழகிக்கொண்டது.

மேலேயிருந்து பார்க்கப்பட்டதாலேயே இந்தச் சேமக்காலைக்கு வந்து சேர்ந்தவர்கள் கிழக்குப் பக்கத்தில் ஒரு முழு வரிசை இருக்கிறார்கள். யுத்த காலத்தில், விமானம் வந்த ஒரே நாளில் வந்தவர்கள். அந்த வரிசை கமராவில் மிகவும் நேராகத் தெரிவதாகச் சபையின் ஆண்டறிக்கை பாராட்டியிருக்கிறது.

“மாஸ்ரர், ஒரு துணியாலை துடைக்கிறதுதானே. கமரா வாறதுக்கு இன்னும் நாள் கிடக்கு. விட்டா கல்லாப் பிடிச்சிடுமாம். பேந்து அசிற் போட்டா பிள்ளையின்ரை முகம் போயிடுமாம்.”

“மழை வரும். ஆண்டவர் கழுவுவார்.”

“மழைத்தண்ணிக்கு உது இன்னும் இறுகுமாம் மாஸ்ரர்.”

“அப்ப ஆண்டவரின்ரை சித்தம். நீர் போய்ச் செபியும். செபம் வேலை இல்லை. ஆர் எப்ப வந்து ஆருக்காகச் செபிச்சாலும் சபை தடுக்காது. தடுக்கவும் ஏலாது. எங்கடை யாப்பிலை அதுதான் முதலாவது வசனம். எழுதினது நான்தான்.” அவர் தன்னுடைய வசனத்தின் அழகில் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, “சரி, ஞாயிறு பூசைக்குப் பிறகு சபை கூடுது. வந்து சொல்லும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு முறை மழை பெய்தது.

கூட்டத்தில் யாகோப்புக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். செயலாளர் ஷெரோன் வங்கியில் வேலை செய்கிற பெண். மிகவும் மரியாதையானவள். “அங்கிள், முதல் ஒண்டைத் தெளிவாக்குவம். நீங்கள் சொல்லுற அந்த வெள்ளை, அழுக்கா, கட்டுமானமா?” என்று கேட்டாள்.

“அது ஒரு படை, பிள்ளை.”

“இல்லை அங்கிள். அழுக்கெண்டா துப்புரவுக் குழு. கட்டுமானமெண்டா வேலைக் குழு. ரெண்டுக்கும் ஒரே ஆக்கள்தான், ஆனா ரெண்டும் வேற வேற நாளிலைதான் கூடும்.”

“சாந்து காஞ்சது பிள்ளை. துடைச்சா அழுக்கு. விட்டா கட்டிடம்.”

இந்தப் பதில் அவளைக் கலங்கச் செய்தது. அவள் அதைத் தலைவரிடம் விட்டாள். தலைவர் எதைக்கொண்டு துடைப்பதாக உத்தேசம் என்று கேட்டார். யாகோப்பு வினாகிரிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். சபை சிறிது பின்வாங்கியது.

மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பெரிய வெள்ளியில் பாடுகளின் வரலாற்றை வாசிப்பவர் அவர். “தலைவர் அவர்களே, வினாகிரி எண்டால் என்ன? காடி. ஆண்டவர் சிலுவையிலை தாகமெண்டு சொல்லேக்கை ஆர் குடுத்தது, என்ன குடுத்தது? சேவகர் குடுத்தது. காடி குடுத்தது. அந்தக் காடியை, நடுவிலை ஆண்டவரின்ரை பெரிய குருசு நிக்கிற சேமக்காலைக்குள்ளை, அவரின்ரை கண்ணுக்கு முன்னாலை, துணியிலை தோய்ச்சுக்கொண்டு ஒரு கத்தோலிக்கன் போறதோ?”

துணி என்ற சொல்லில் அவருடைய குரல் உடைந்தது. யாகோப்பு போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வினாகிரி விட்டு மீன் ஊறுகாய் போடும் தன் வீடும், ஊரிலுள்ள எல்லா வீடுகளும், இத்தனை காலமாக என்ன பாவத்தைச் செய்துகொண்டிருந்தன என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“வேறை ஏதாலையும் துடைக்கேலாதோ?” என்று ஷெரோன் கேட்டாள்.

“அசிற் இருக்கு பிள்ளை. ஆனா அசிற் போட்டா படம் போயிடும்.”

“அசிற்றைப்பற்றி வேதாகமத்திலை ஒண்டும் இல்லை” என்றார் மூத்த உறுப்பினர், ஆறுதலாக.

யாகோப்பு எழுந்து நின்றார். “அசிற் மட்டும் வேண்டாம் ஐயா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அசிற் வேண்டாம்.”

‘கல்லறைக்காரர் அசிற்றை ஆட்சேபித்தார்’ என்று வேலைக் குழுவின் குறிப்பில் எழுதப்பட்டது. நேரில் பார்வையிடுவதென்று தீர்மானித்துச் சபை தேநீருக்குக் கலைந்தது.

பார்வையிட வருவதற்குள் திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சபை முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கி மெதுவாக வந்தது. மதிலோரம் வந்ததும் தலைவர் ஜெறோம் சட்டென்று நின்றார். றஜிந்தனின் கல்லறை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே வெள்ளையாகக் கிடந்தது.

“பாத்தியளே?” என்றார். “எவ்வளவு வடிவு! ஒரு பகட்டு இல்லை. ஒரு படம் இல்லை. பெயர்கூட இல்லை. இதுதான் நான் வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டு வாறது.” மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “மரணத்திலை எல்லாரும் சமன். அதாலைதான் இந்த வருசம் எல்லாக் கல்லறையும் வெள்ளை எண்டு தீர்மானம் போட்டனாங்கள். முதலாம் வகுப்பிலை கிடக்கிறவையும் வெள்ளை, மூண்டாம் வகுப்பிலை கிடக்கிறவையும் வெள்ளை. முதலாம் வகுப்புக் குடும்பங்கள் எவ்வளவு பெருந்தன்மையாச் சம்மதிச்சவை தெரியுமே? ரெண்டுக்கும் நடுவிலை அவை கட்டின மதிலைக்கூட வெள்ளையாத்தான் அடிச்சனாங்கள்.”

“மாஸ்ரர்,” என்றார் யாகோப்பு, “உது வெள்ளை இல்லை. நீலம்.”

யாகோப்பு தலைமாட்டைக் காட்டினார்.

“உந்தப் படையைத் துடைச்சா நீலம். அவன்ரை படகின்ரை நிறம். தலைமாட்டிலை முகமும் பெயரும் கிடக்கு.”

ஜெறோம் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு குழந்தையைக் கிணற்றடியிலிருந்து தூக்கியெடுத்தவரின் நிம்மதி இருந்தது.

“நல்ல காலம், துடைக்க விடேல்லை” என்றார்.

அன்றைய தீர்மானத்தின்படி றஜிந்தனின் கல்லறையைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. வெள்ளைப் படலம் திருநாள் முடியும்வரை சபையின் பாதுகாப்பில் இருக்கும். அதற்கு ஒரு சேதமும் வராமல் பார்க்கும் பொறுப்பு செபமாலைக்குக் கொடுக்கப்பட்டது. ஊரில் தூசுக்குக் காவல் போட்டது அதுவே முதல்முறை.

யாகோப்பு பங்குச் சுவாமியிடமும் போனார். சுவாமி புதிதாக மாற்றலாகி வந்தவர், களைத்த மனிதர். “மகன், ஆத்துமாக்களைத்தான் நான் பாக்கிறன். அதுக்கு மேலை உள்ளதெல்லாம் சபை பாக்குது” என்றார். கல்லறையின் மேல் உள்ளதைத்தான் அவர் சொன்னார்.

அன்று பின்னேரம் ஸ்ரெல்லா முற்றத்தில் ஒரு சருவச்சட்டியை வைத்து, தண்ணீர் விட்டு, அதற்குள் வினாகிரிப் போத்தலைக் கவிழ்த்தாள். பிறகு செவ்வந்திப் பூக்களைக் காம்பு இல்லாமல் கிள்ளி அதற்குள் போட்டாள்.

“என்னப்பா செய்யிறாய்?” என்றார் யாகோப்பு.

“பூ கொண்டுபோனாப் பக்திதானே?” என்றாள் அவள்.

திருநாளன்று சேமக்காலை முழுவதும் வெள்ளைக் கல்லறைகளும் வெள்ளை முக்காடுகளுமாக இருந்தது. வாசலில் செபமாலை எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரெல்லாவின் கையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. பை சொட்டியது.

“என்னக்கா உது?”

“பூ.”

செபமாலை மூக்கை உறிஞ்சினார். அவருக்குப் பின்னால் நின்ற ஷெரோன், “என்ன அங்கிள், ஊறுகாய் மணக்குது?” என்றாள்.

“பசிக்குது போலை உங்களுக்கு” என்று சொல்லிவிட்டுச் செபமாலை வழிவிட்டார்.

கயிற்றைத் தூக்கி உள்ளே போய் முழங்காலில் நின்றாள் ஸ்ரெல்லா. பார்க்கிறவர்களுக்கு அவள் கல்லறைக்குப் பூ வைப்பதாகத்தான் தெரிந்தது. ஈரப் பூவைக் கைக்குள் பொத்தி, தலைமாட்டு மாபிளில் ஒரே இடத்தில் வட்டமாக உரைத்தாள். பூ நாராகப் போனதும் அடுத்த பூவை எடுத்தாள். யாகோப்பு மறைத்துக்கொண்டு நின்று உரத்துச் செபம் சொன்னார். கடந்த நாட்களில் படலம் நன்றாக இறுகிவிட்டிருந்தது. பை முடியப்போகும்போது, பழைய இரண்டு ரூபாய் நாணயக் குற்றியளவில் ஒரு இடம் விட்டுக்கொடுத்தது. அவள் முக்காட்டின் நுனியால் அதைத் துடைத்தாள்.

இடது கண்.

யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற கண். ஸ்ரெல்லா அழவில்லை. “என்னடா, சாப்பிட்டனியோ?” என்றாள், அவன் கடலிலிருந்து வரும்போது கேட்கிற அதே குரலில். பிறகு கையைத் துடைத்துவிட்டு அதற்கு முன்னால் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரத்தில் மேலே இரைச்சல் கேட்டது. வயதானவர்கள் சிலர் நினையாப்பிரகாரமாகக் குனிந்தார்கள். கமரா கிழக்கு வரிசையைத் தாண்டி, முதலாம் வகுப்பைத் தாண்டி, மதிலைத் தாண்டி வந்தது. வாசல் பந்தலில் பெரிய திரைக்கு முன்னால் இருந்த ஜெறோம் எழுந்து நின்றார். முழு வெள்ளைச் சேமக்காலையில் ஒரேயொரு கறுப்புப் புள்ளி. கமரா இன்னும் தாழ, புள்ளி அவரை நேராகப் பார்த்தது.

பாரிசில் வேலைக்குப் போகாமல் நேரலை பார்த்துக்கொண்டிருந்த யாகோப்பின் மகள் ஜெசிதா, படத்துக்குக் கீழே, ‘அது என்ரை தம்பியின்ரை கண்’ என்று எழுதினாள். அதைப் பார்த்த ஷெரோன், திருநாளுக்குப் பொருத்தமில்லாத கருத்து என்று அழித்தாள்.

“இன்னொரு சுத்து வரப்போகுது!” என்றார் ஜெறோம். “செபமாலை, ஓடு!”

செபமாலை சுண்ணாம்புச் சட்டியோடும் தூரிகையோடும் வந்தார். ஸ்ரெல்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“செபமாலை, நீயும் பிள்ளை பெத்தனியடா.”

“அக்கா, நான் அடிக்காட்டி வேறை ஒருத்தன் வந்து தடிப்பா அடிப்பான். நான் மெல்லிசாத்தான் அடிப்பன். பேந்து கழுவலாம்.” கழுவலாம், கழுவலாம் என்று சொல்லிக்கொண்டே அவர் அந்தக் கண்ணைச் சுண்ணாம்பால் மூடிவிட்டார். அவருடைய கையிலிருந்தது வாளி அல்ல, சட்டி. அது வேலையாகக் கணக்கெடுக்கப்படவில்லை.

சற்றுப் பொறுத்து வந்த சுவாமி வெள்ளைக் கல்லறை மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

வேலைத் தடையை நீக்கச் சபை கூடவேண்டியிருந்தது. சபை கூடுவதற்கு முன் டிசம்பரும் நத்தாரும் வந்துவிட்டன. நத்தாருக்குப் பிறகு தலைவர் லண்டனில் மகளிடம் போயிருந்தார். தை மாதம் முடியும் தறுவாயில் தடை நீங்கியபோது யாகோப்பு வாளியோடு போய், ஒரு காலை முழுவதும் தேய்த்தார். செபமாலை சொன்னது உண்மைதான், சுண்ணாம்பு கழுவியதும் போயிற்று. கண் மறுபடியும் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த படலம் பிரகாஸ் சொன்னபடி கல்லாகியிருந்தது. வினாகிரியை அது குடிக்கவேயில்லை.

யாகோப்பு ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு கண் போதும். வீட்டில் சொன்னார். “எனக்கும் போதும்” என்றாள் ஸ்ரெல்லா.

ஆனால் சபைக்கு அது போதவில்லை. திருநாளன்று அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட மனவருத்தத்தைச் சபை கருணையோடு கவனத்திலெடுத்து, அரைகுறையாகக் கிடக்கும் அந்தக் கல்லறையைத் தன் செலவிலேயே சுத்திகரித்துக் கொடுக்கத் தீர்மானித்தது. யாகோப்பு கடலுக்குப் போயிருந்த ஒரு நாளில் பந்தல் போட்டு, நாடா கட்டி, வெளியூரிலிருந்து கூட்டிவந்த இரண்டு பேரைக் கொண்டு காரியம் நடந்தது. ட்ரோனும் வந்திருந்தது. ஜெறோம் நாடாவை வெட்டிவிட்டுப் பேசினார்.

“இது சும்மா ஒரு கல்லறையைக் கழுவுற நிகழ்ச்சி இல்லை. சபைக்கு இதயம் இல்லை எண்டு சொல்லுறவைக்கு இது ஒரு பதில். நாங்கள் ஆறுதலாச் செய்வம், ஆனா அடியோடை செய்வம்.”

அசிற் நுரைத்தது. வெள்ளைப் புகை எழும்பி அடங்கியது. மதிலோரம், மழை முடிந்த கடலைப்போல, அப்படியொரு நீலம். கூடியிருந்தவர்கள் தங்களை மறந்து கைதட்டினார்கள். தலைமாட்டு மாபிள் மட்டும் எந்த மாசும் இல்லாத வெள்ளையாக இருந்தது.

பின்னேரம் யாகோப்பு சபை அலுவலகத்தின் வாசலில் நின்றார். மீன் வலை இன்னும் தோளில் கிடந்தது. “அசிற் வேண்டாமெண்டு கும்பிட்டனான் பிள்ளை. எழுதினனீங்கள்.”

“ஓம் அங்கிள், எழுதியிருக்கு” என்றாள் ஷெரோன். உண்மையாகவே வருந்தினாள். “ஆனா அது வேலைக் குழுவின்ரை குறிப்பிலை. இது செய்தது துப்புரவுக் குழு.”

ரவுணில் படம் அச்சடித்த கடை இப்போது பற்றரி விற்றது. பழைய கணினியைப்பற்றி அங்கிருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது.

வெறும் வெள்ளை மாபிள் ஒரு நல்ல கல்லறையின் தலைமாட்டில் காலியாக இருப்பது சபைக்கு உறுத்தலாக இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் செய்த நன்மை எதுவும் பெயர்ப்பலகை இல்லாமல் இருப்பதில்லை. குடிநீர்க் குழாயில் இருக்கும், பஸ் தரிப்பில் இருக்கும், கோயில் மின்விசிறியின் இதழ்களில்கூட இருக்கும். அடுத்த கிழமையே அந்த மாபிளின் மேல் ஒரு பலகை ஒட்டப்பட்டது. சிறிய எழுத்தில், ‘இக்கல்லறை சபையின் பெருமுயற்சியால் தூய்மைப்படுத்தப்பட்டது’ என்றும், அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘ஜெறோம், தலைவர்’ என்றும் இருந்தது. கல்லறையில் இருந்த ஒரே பெயர் அதுதான்.

மறுநாள் பின்னேரம் ஸ்ரெல்லா மெழுகுதிரியோடு வந்தாள். முழங்காலில் நின்று பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு, பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, உரத்த குரலில் செபித்தாள்.

“ஆண்டவரே, ஜெறோம் மாஸ்ரரின்ரை ஆத்துமம் இளைப்பாறட்டும். அந்த மனுசன் செய்த பாவங்களை மன்னியும். நிறைய இருக்கு, ஆறுதலாப் பாரும்.”

அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். சில பெண்கள் கூட நின்று பதில் சொல்லத் தொடங்கினார்கள். யாரோ அதைப் படம் பிடித்து அனுப்ப, ரொறன்ரோவிலிருந்து மாஸ்ரரின் பழைய மாணவர் சங்கம் ஆழ்ந்த அனுதாபங்களை வெளியிட்டது. சந்தையில் மாஸ்ரரைக் கண்ட ஒரு கிழவர் குருசு அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஜெறோம் நேரில் வந்தார். “ஸ்ரெல்லா! என்ன பிள்ளை உது? நான் உயிரோடை நிக்கிறன்!”

அவள் திரும்பிப் பார்த்தாள். “செபம் வேலை இல்லை மாஸ்ரர்” என்றாள். “ஆர் எப்ப வந்து ஆருக்காகச் செபிச்சாலும் சபை தடுக்கேலாது. எழுதினது நீங்கள்தானாமே.”

ஜெறோம் ஷெரோனிடம் போனார். பலகையை உடனே எடுக்கவேண்டும் என்றார். ஷெரோன் மரியாதையாக விளக்கினாள். ஒட்டியிருப்பதால் பலகை கட்டுமானம். கட்டுமானத்தைக் கழற்றுவது வேலை. திருநீற்றுப் புதன் வந்துவிட்டது. தவக்காலம் முடியுமட்டும் வேலைத் தடை என்பது தலைவரே கொண்டுவந்த தீர்மானம். வேண்டுமானால் அவர் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்.

நேற்றுப் பின்னேரம் ஜெறோம் மாஸ்ரர் சேமக்காலை வாசலுக்கு வந்தார். ஒரு சுத்தியலும் உளியும் துணியால் மூடிய வாளிக்குள் இருந்தன. செபமாலை கதிரையிலிருந்து எழும்பினார். சீருடையை இழுத்துச் சரிசெய்தார்.

“மாஸ்ரர், கையிலை என்ன?” என்றார்.

உள்ளே ஸ்ரெல்லா மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். அதை அவள் பலகையிலுள்ள பெயருக்கு முன்னால் வைப்பதில்லை. கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தக் கண் திறந்திருந்த இடத்துக்கு நேரே வைக்கிறாள்.